பிறப்பிடம் என்னும் கட்டம்

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
பெயர், பாகம், பயன், பிறப்பிடம்.
முதல் மூன்றையும் கேட்டு எழுத வேண்டும்.
கடைசியை நூலகத்தில் பார்த்து நானே நிரப்ப வேண்டும்.
"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதும்மா"
என்று சொல்லியனுப்பியிருந்தார் துறைத்தலைவர்.

பெரும்பாக்கம், நாற்பத்தேழாம் பிளாக்.
லிஃப்ட் ஓடவில்லை, அதனால் கீழேயே தொடங்கினேன்,
மதிலுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவே
யாரும் நடாத தோட்டத்தில்.

தேசம்மா சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வெட்டுகிறவள்.
வீட்டை இடித்து ஆளை இவ்வளவு தூரம் கொண்டுவந்து போட்ட பிறகும்
கத்தி அங்கேயேதான் இருக்கிறது.
இருட்டில் முதல் பஸ் ஏறிக் கத்தியிடம் போய்
மூன்று மணிக்குத் திரும்புகிறாள்.
இடது பெருவிரலைக் காட்டினாள்:
ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு தழும்பு.
"இது வஞ்சிரம். இது பாறை.
இது எங்கூட்டுக்காரரோட சண்ட போட்ட அன்னிக்கு."
குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள்.
ஈர்க்குச்சிக் காம்பின் நுனியில் மஞ்சள் பொட்டு.
"வெட்டுக்காயப் பூண்டு. கசக்கி வெச்சா
கப்புனு நின்னுடும் ரத்தம்."
நான்காம் கட்டம்: மெக்சிகோ.

ஜரினாவின் மகனுக்கு இடுப்பில் படர்தாமரை.
சீமையகத்தி இலையை எண்ணெயில் குழைத்துப்
பூசிக்கொண்டிருந்தாள்; அவன் நெளிந்தான்.
"சீமைன்னா எந்தச் சீமை?" என்றேன்.
"தூரமா இருக்கிற ஊரு" என்றாள்,
"சென்ட்ரலுக்கும் அந்தாண்ட."

நித்திய கல்யாணியை எத்திராஜ்
சுடுகாட்டு மல்லி என்கிறார்.
மடகாஸ்கரில் அதற்கு என்ன பெயரோ.
ஆட்டோவின் பின்சீட்டில் தினமும் ஐந்து பூ, ஒரு பாட்டில் தண்ணீர்.
சர்க்கரைக்கு மாத்திரையும் போடுகிறார்.
"எது கேக்குதுன்னு புரியல மேடம்.
ரெண்டுல எத நிறுத்துறதுன்னாலும் பயமா கீது."
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஓரத்தில், பென்சிலால், சின்னதாக.

பப்பாளி மரத்தடியில் ஞானசுந்தரி
துணி அலசிக்கொண்டிருந்தாள்.
மரத்தைப் பார்த்துத்தான் போனேன்.
"இதுல இன்னா எழுதுவ?" என்றாள்.
டெங்குவுக்கு இலைச்சாறு என்று
நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன்.
"அணு ஏறும்னாங்க. மூணு நாளு புழிஞ்சு ஊத்துனேன்.
அப்புறம் ராயப்பேட்டைக்குத் தூக்கினு ஓடுனோம்."
வாளியைக் கவிழ்த்தாள். சட்டையை உதறினாள்.
கொடியில் இருந்தவை எல்லாம் பெரியவர்களின் துணிகள்.
எழுதியதை அழித்தேன்.
அழித்த இடத்தில் தாள் கிழிந்தது.
மரத்தில் பழம் பழுத்து, காக்கை கொத்தி,
யாரும் பறிக்காமல் தொங்கியது.
யாரும் வெட்டவும் இல்லை.

கிளம்பும்போது தேசம்மா படிவத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள்.
"நாலாவதுல இன்னா போட்ட?"
"இந்தச் செடி நம்மூர்ச் செடி இல்லக்கா.
மெக்சிகோன்னு ஒரு தேசம். கப்பல்ல வந்திருக்கும்."
"எப்ப?"
"எப்பவோ. யாரு கொண்டாந்தாங்கன்னு தெரியல."
யோசித்தாள்.
"நாங்க லாரில வந்து எறங்கசொல்ல
இது இங்கதான் இருந்துச்சு" என்றாள்.
"பாத்ரூம் கதவு இடுக்குல விரல் மாட்டி
மொத நாளே நசுங்கிடுச்சு எனக்கு.
தண்ணி வரல, கரண்டு வரல.
இது இருந்துச்சு."

படிவத்தின் அடியில் தகவல் தந்தவர் பெயர்,
அதன்கீழ் முகவரி.
நாற்பத்தேழாம் பிளாக் என்று எழுதத் தொடங்கிய என் கையை
மீன்வாடை போகாத விரலால் நிறுத்தினாள்.
கூவம் ஓரம் என்றாள். சந்தின் பெயர் சொன்னாள்.
பழைய கதவெண், புதிய கதவெண் இரண்டும் சொன்னாள்.
பின்கோடு: அறுநூறாயிரத்து இரண்டு.
ஒரு இலக்கத்திலும் தடுமாறவில்லை.